பிரிஞ்சாங் வாய்க்காலில் விழுந்த பை எந்தக் கடலுக்குப் போகும்?

எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவர்களே, அவர்களைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களே,

"கடலில் சேரும் நெகிழிக் கழிவு" என்ற தலைப்பைக் கொடுத்தால் வரும் கட்டுரைகளில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "கடற்கரைக்குச் செல்லும் மக்கள் பொறுப்பின்றிக் குப்பைகளை வீசுகின்றனர்." எழுத்துப்பிழை இருக்காது. ஆனால் அதை எழுதுவது கேமரன் மலைப் பிள்ளை என்னும்போது எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். நாம் கடற்கரையைப் பார்க்க வேண்டுமென்றால் வளைவு வளைவாக மலையிறங்கி, பாதி வழியில் இரண்டு பேர் வாந்தியெடுத்து, அதற்குப் பிறகும் நெடுந்தூரம் போக வேண்டும். அப்படியென்றால் கடலில் கிடக்கும் குப்பைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா?

இதை நான் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை. "டீச்சர், நாம இருக்கிறது மலை உச்சி. கடல் எங்கேயோ இருக்கு. நம்ம குப்பை எப்படி அங்க போகும்?" நான் வழக்கம்போல, "மழை பெய்தா ஆத்துல போகும், ஆறு கடலுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். அவள் விடவில்லை. "எந்த ஆறு டீச்சர்? எந்தக் கடல்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததில் சிலது நான் பல வருடமாக வகுப்பில் சொல்லிவந்ததற்கு நேர்மாறாக இருந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஆற்றுக்கு முன்னால் வாய்க்கால்

பிரிஞ்சாங் நகரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பின்னால் நிற்கும் பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைத் தாண்டும். அந்தச் சரிவுகளில் ஊறும் சிற்றோடைகள் சேர்ந்து பெர்த்தாம் ஆறாகின்றன. பிரிஞ்சாங்கைக் கடந்து, தானா ராத்தாவைக் கடந்து, ஹாபு வழியாக ரிங்லெட்டுக்கு இறங்கும் ஆறு அது. நாம் தினமும் பாலத்தின்மேல் நடந்து கடக்கிறோம். பெயர் கேட்டால் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் குப்பை நேராக ஆற்றில் விழுவது குறைவு. முதலில் அது விழும் இடம் கடைத்தெரு ஓரத்து வாய்க்கால். வாரக் கடைசியில் இரவுச் சந்தைக்குப் போய் ஓர் ஓரமாக நின்று பாருங்க. ஒருவர் ஒரு பானம் வாங்குகிறார். குவளை ஒன்று, மூடி ஒன்று, உறிஞ்சுகுழல் ஒன்று, கையில் தொங்கவிட ஒரு பை. ஒரு பானத்துக்கு நாலு நெகிழி. ஸ்ட்ராபெரிக்கு மெல்லிய கண்ணாடிபோன்ற பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பை. வறுத்த சக்கரவள்ளிக்கிழங்குக்கு ஒரு பை, வேகவைத்த சோளத்துக்கு ஒரு பை. பையில் கட்டிய ஐஸ் தே ஓ என்றால் பையே குவளை. வாங்கியவர் அதைக் குப்பைத்தொட்டியில்தான் போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் தொட்டி மாலைக்குள் நிரம்பிவிடும். மேலே குவிந்ததைக் காற்று தள்ளும், நாய் இழுக்கும். பிறகு மழை.

மழைதான் இங்கே லாரி. கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை அதிகம். மலைச் சரிவில் விழும் மழை சமவெளி மழைபோல் தேங்கி நிற்காது, உருட்டிக்கொண்டு ஓடும். அரை மணி நேரம் கொட்டினால் போதும், ஒரு வாரமாக வாய்க்காலில் சேர்ந்தது மொத்தமும் கிளம்பிவிடும். பெருமழை விட்ட மறுநாள் தானா ராத்தா பக்கம் பாரிட் அருவிக்குப் போயிருக்கிறீர்களா? பாறை இடுக்கில் சிக்கி நிற்கும் புட்டிகளைப் பார்த்தால், மேலே உள்ள ஊரில் நேற்று யார் என்ன குடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

சுற்றுப்பயணிகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் நமக்கு வசதி. ஆனால் மலையில் வேறொரு நெகிழியும் இருக்கிறது. திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் போகும்போது மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகத் தெரிகிறதே, அது பனி இல்லை. காய்கறிக் கொட்டகைகளின் நெகிழிக் கூரை. அதிக மழையிலிருந்து தக்காளியையும் குடைமிளகாயையும் காப்பாற்ற அது வேண்டும். தப்பு சொல்ல முடியாது. ஆனால் வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் சில வருடங்களில் அந்தக் கூரையை நொறுங்க வைத்துவிடும். தொட்டால் உதிரும். பாத்திமேல் விரிக்கும் வெள்ளி, கறுப்பு நிற விரிப்பு, உரமூட்டை, மருந்துப் புட்டி, நாற்றுத் தட்டு, கொடி கட்டும் ராஃபியா கயிறு என்று பட்டியல் நீளும். தேயிலைத் தோட்டத்தில் இந்த அளவுக்கு நெகிழி கிடையாது. உரமூட்டையோடு அனேகமாக முடிந்துவிடும். தேயிலைக்காரர்களுக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை, பயிரின் தன்மை அப்படி.

ஆறு ஒன்று, கடல் இரண்டு

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். எந்தக் கடல்?

நிலப்படத்தைப் பார்த்தால் விடை எளிது. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. பெர்த்தாம் ஆறும் தெலோம் ஆறும் கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றோடு சேர்கின்றன. ஜெலாய் கோலா லிப்பிஸைத் தாண்டி, கோலா தெம்பெலிங்கில் தெம்பெலிங் ஆற்றோடு கூடும்போது பகாங் ஆறு பிறக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு அதுதான், 459 கிலோமீட்டர். ஜெராண்டுட், தெமர்லோ எல்லாம் கடந்து பெக்கான் அருகே தென் சீனக் கடலில் கலக்கிறது.

ஆனால் 1963ஆம் ஆண்டுக்குப் பிறகு கதை மாறிவிட்டது. அந்த ஆண்டு ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்து, பெர்த்தாம் ஆறு மறிக்கப்பட்டு நீர்த்தேக்கம் உருவானது. நாம் "ரிங்லெட் ஏரி" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதுதான். தெலோம் ஆற்று நீரில் ஒரு பகுதியும் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. அங்கே சேரும் நீர் இன்னொரு சுரங்கம் வழியாக நடு மலைத்தொடரையே குடைந்துகொண்டு மேற்கே, பேராக் மாநிலத்துக்குள் போகிறது. அங்கே சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு பாத்தாங் பாடாங் ஆற்றில் விழுகிறது. தாப்பாவைக் கடந்து, பீடோர் ஆற்றோடும் பேராக் ஆற்றோடும் கலந்து, கடைசியில் மலாக்கா நீரிணை.

அதாவது பிரிஞ்சாங்கில் பெய்த ஒரே மழை இரண்டு கடலுக்கும் போகலாம். சாதாரண நாளில் பெரும்பகுதி மேற்கே. பெருமழையில் அணையின் மதகைத் திறந்தால் கிழக்கே. புவியியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லிப் பாருங்க, பிள்ளைகள் கண்ணை அகலமாக விரிப்பார்கள்.

நெகிழியும் அப்படியே சுரங்கத்தில் புகுந்து பேராக்குக்குப் போய்விடுமா? பெரிய குப்பை போகாது. நீர் உள்ளே நுழையும் இடத்தில் குப்பையைத் தடுக்கும் கம்பி வரிசை இருக்கும். இல்லையென்றால் சுழலி கெட்டுவிடும். ஆகவே பை, புட்டி, மரக்கிளை எல்லாம் நீர்த்தேக்கத்திலேயே மிதந்தபடி நிற்கும். அவற்றை அள்ளி எடுப்பது ஓயாத வேலை. அள்ளாமல் விட்டது அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்கும்.

ரிங்லெட் அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மக்கள் வசிக்கிறார்கள். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில் கனமழையால் நீர்த்தேக்கம் நிரம்பி, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. அந்த நீர்த்தேக்கம் முன்புபோல் நீரைத் தாங்க முடியாமல் போனதற்கு முதன்மையான காரணம் நெகிழி இல்லை. மேலே காடழித்த சரிவுகளிலிருந்து அரித்துவந்த மண். அதைக் கட்டுரையில் கலப்படமில்லாமல் எழுத வேண்டும். ஆனால் மண்ணும் நெகிழியும் வரும் பாதை ஒன்றுதான், இரண்டையும் அனுப்புவது நாம் நிலத்தைப் பயன்படுத்தும் விதம்தான். மலைமேல் வாய்க்காலில் போடுவது முதலில் போய் நிற்கும் இடம் கடல் இல்லை, நம்முடைய உறவினரின் வீட்டுக்கு மேலே இருக்கும் அணை.

எல்லாமே கடலுக்குப் போய்விடுமா?

நான் வகுப்பில் தவறாகச் சொல்லிவந்த இடம் இதுதான். "இங்கே போட்டால் அங்கே போய்விடும்" என்று பல வருடம் சொன்னேன். உண்மை அவ்வளவு நேர்க்கோடு கிடையாது.

2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு உலக ஆறுகளைக் கணக்கிட்டது. ஆறுகள் வழியாக ஆண்டுக்கு 0.8 முதல் 2.7 மில்லியன் டன் வரை நெகிழி கடலுக்குப் போகிறது என்பது அதன் மதிப்பீடு. அதோடு இன்னொன்றையும் சொன்னது. ஒரு குப்பை கடலை அடையும் வாய்ப்பு அது விழுந்த இடத்துக்கும் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் உள்ள தூரம், மழை, சரிவு, நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்தது. கடலோர நகரத்தில் ஆற்றங்கரையில் விழும் பைக்கு வாய்ப்பு அதிகம். உள்நாட்டு மலையில் விழும் பைக்கு மிகக் குறைவு. பெரும்பாலானவை வழியில் மண்ணில் புதையும், மூங்கில் புதரில் சிக்கும், அணையில் நிற்கும். பகாங் ஆற்றில் பெருவெள்ளம் வடிந்த பிறகு கரையோர மரக்கிளைகளில் ஆளுயரத்துக்கு மேலே பைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை பயணத்தை நிறுத்தவில்லை, அடுத்த வெள்ளம் வரும்வரை இளைப்பாறுகின்றன.

அப்படியென்றால் நாம் தப்பித்தோமா? அதே ஆய்வின் நாடுகள் பட்டியலில் பிலிப்பீன்ஸ் முதலாவது, இந்தியா இரண்டாவது, மலேசியா மூன்றாவது. மூன்று கோடியைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாடு, பல மடங்கு பெரிய நாடுகளை முந்தி நிற்கிறது. நீண்ட கடற்கரை, கொட்டும் மழை, கடலுக்கு அருகிலேயே நெருக்கமான நகரங்கள், அவற்றின் நடுவே ஓடும் குறுகிய ஆறுகள். இயற்கை நமக்குக் கொடுத்த வரமே குப்பைக்கும் வாகனமாகிவிட்டது.

இதிலிருந்து தேர்வு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. "உலகின் பத்து ஆறுகள்தாம் கடலுக்குப் போகும் நெகிழியில் 90 விழுக்காட்டைச் சுமக்கின்றன" என்று பல கையேடுகளில் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பரவிய செய்தி அது. 2021ஆம் ஆண்டு ஆய்வு அதை மாற்றிவிட்டது. 80 விழுக்காட்டை எட்டவே 1,000க்கும் மேற்பட்ட ஆறுகள் வேண்டும் என்றும், நகரங்களைக் கடக்கும் சிறிய ஆறுகளே பெரிய குற்றவாளிகள் என்றும் அது காட்டியது. யாங்சி, கங்கை என்று தூரத்து ஆறுகளை மட்டும் கைநீட்டிக் காட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. கிள்ளான் ஆறு போன்றவை கணக்கில் வந்துவிட்டன.

மிதப்பதும் மூழ்குவதும்

இந்தச் சோதனையை எந்த வகுப்பிலும் செய்யலாம். ஒரு பெரிய வாளித் தண்ணீர், ஒரு கத்தரிக்கோல் போதும். நெகிழிப் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். குடிநீர்ப் புட்டியில் 1, ஷாம்பு புட்டியில் பெரும்பாலும் 2, மெல்லிய பைகளில் 2 அல்லது 4, உணவுப் பெட்டிகளில் பெரும்பாலும் 5, மொறுமொறுப்பான கரண்டி, மூடி வகைகளில் 6. ஒவ்வொன்றிலிருந்தும் நகத்தளவு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்க. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விரலால் தேய்த்து அமுக்கிவிடுங்க, இல்லாவிட்டால் முடிவு தப்பாகும்.

2, 4, 5 மிதக்கும். 1, 6 மூழ்கும். கடல்நீர் உப்பு என்பதால் மாறிவிடுமோ என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடுதான் அடர்த்தி அதிகம். அது இந்த வரிசையை மாற்றப் போதாது. வாளியில் உப்பை அள்ளிக் கொட்டினால் 6 மிதக்கத் தொடங்கும். ஆனால் அவ்வளவு உப்பு எந்தக் கடலிலும் இல்லை.

இனி ஒரு குடிநீர்ப் புட்டியை மூடியோடு போடுங்க. மிதக்கிறது. மூடியைத் திறந்து நீர் நிரம்பவிட்டால் புட்டி மூழ்கும், மூடி மட்டும் மிதந்து போகும். கடற்கரைகளில் ஏன் இத்தனை மூடிகள் கிடைக்கின்றன என்பதற்கு விடை இந்த வாளியிலேயே இருக்கிறது. அதேபோல், நாம் கண்ணால் பார்க்கும் மிதக்கும் குப்பை முழுக் கணக்கு இல்லை என்பதும் புரியும். மூழ்கியது ஆற்றின் அடியிலும் அணையின் சேற்றிலும் கிடக்கிறது. கடலில் மிதப்பதும் அப்படியே இருந்துவிடாது. அதன்மேல் பாசி படரும், சிப்பி ஒட்டும், கனம் கூடி ஒரு நாள் அதுவும் இறங்கிவிடும்.

வெயிலும் அலையும் சேர்ந்து நெகிழியை உடைக்கும். உடைந்து 5 மில்லிமீட்டருக்குக் குறைவானால் அதற்கு நுண்நெகிழி என்று பெயர். மக்கிப்போவது வேறு, உடைவது வேறு. இலை மக்கினால் மண்ணாகிறது. நெகிழி உடைந்தால் சின்ன நெகிழியாகிறது. மாணவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.

பெரிய துண்டுகள் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியும். 2018ஆம் ஆண்டு நம் எல்லைக்குப் பக்கத்திலேயே, தென் தாய்லாந்தின் சொங்கலா மாநிலத்தில், ஒரு திமிங்கிலம் கரைப்பக்கம் தத்தளித்து இறந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது 80 நெகிழிப் பைகள், எடை 8 கிலோ. வயிறு நிறைய இருந்தது, ஆனால் சாப்பிட இடமில்லை. எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதை எழுதலாம். அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை.

எழுதக்கூடிய எண், தவிர்க்க வேண்டிய எண்

கட்டுரையில் புள்ளிவிவரம் இருந்தால் மதிப்பெண் கூடும் என்று எண்ணிக் கண்ட எண்ணையும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

"நெகிழிப் புட்டி மக்க 450 ஆண்டுகள் ஆகும்." யாரும் 450 ஆண்டு காத்திருந்து பார்க்கவில்லை. நெகிழி பெருமளவில் தயாராகத் தொடங்கியதே 1950களில்தான். "நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது" என்று எழுதினால் போதும், யாரும் மறுக்க முடியாது.

"2050இல் கடலில் மீனைவிட நெகிழி அதிகமாக இருக்கும்." இது 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் அறிக்கையின் கணிப்பு, எடையின் அடிப்படையில். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதே தோராயம்தான். எழுதினால் "கணிப்பு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

"பசிபிக் கடலில் குப்பைத் தீவு இருக்கிறது, அதன்மேல் நடக்கலாம்." நடக்க முடியாது. 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி 1.6 மில்லியன் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 79,000 டன் நெகிழி சிதறிக் கிடக்கிறது. எடையில் 46 விழுக்காடு மீன்வலைகள். அதாவது கடலில் சேரும் நெகிழி எல்லாமே கரையிலிருந்து போனது இல்லை. மீன்பிடித் தொழிலும் கப்பல்களும் தம் பங்குக்குக் கொட்டுகின்றன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது, அதிலிருந்த டன் கணக்கான நெகிழி மணிகள் இலங்கையின் மேற்குக் கடற்கரையை வெள்ளையாக்கின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் நின்றார்கள்.

நம்பி எழுதக்கூடிய எண் ஒன்று சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, 2015வரை உலகம் 8,300 மில்லியன் டன் நெகிழியைத் தயாரித்தது. கழிவானதில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி கண்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. மீதி 79 விழுக்காடு நிலத்திலோ வெளியிலோ கிடக்கிறது. இந்த 9ஐ மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தீர்வு என்று எழுதும்போது

"மறுசுழற்சி செய்ய வேண்டும்" என்பது தவறான விடை இல்லை, ஆனால் பலவீனமான விடை. சுத்தமான குடிநீர்ப் புட்டியை மறுசுழற்சி செய்ய ஆள் உண்டு. சாம்பார் ஒட்டிய பை, உறிஞ்சுகுழல், வெயிலில் பொடிந்த கொட்டகைக் கூரை, இவற்றை வாங்க யார் வருவார்? திடக்கழிவுச் சட்டம் அமலில் உள்ள மாநிலங்களில் பகாங்கும் ஒன்று. அங்கெல்லாம் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் பிரிக்கிறீர்களா? என் வீட்டில் தொடங்கவே பல வருடம் ஆனது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எரிப்பது தீர்வு இல்லை. தோட்டப்புறத்தில் இன்னும் சிலர் மாலையில் குப்பையைக் கூட்டி நெருப்பு வைக்கிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் புகை முதலில் போவது நம் பிள்ளைகளின் மூச்சுக்குத்தான்.

கிள்ளான் ஆற்றில் 2019 முதல் சூரிய சக்தியில் இயங்கும் படகுபோன்ற இயந்திரம் ஒன்று மிதக்கும் குப்பையைச் சேகரிக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் வாளிச் சோதனையை நினைவுபடுத்திப் பாருங்க. அது பிடிப்பது மிதப்பதை மட்டும்தான். அதுவும் குப்பை ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்த பிறகு. மேலே ஒரு வாய்க்காலின் முடிவில் வலை கட்டினால் அதே குப்பையைச் சேறு படியாமல், உடையாமல், கையாலேயே எடுத்துவிடலாம். என் கணக்கில் மலையூருக்கு இதுதான் மலிவான வழி. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது போய் வலையைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் வாய்க்கால் அடைத்துக் கடைக்குள் தண்ணீர் வரும். வலையைக் கட்டுவது ஒரு நாள் விழா, காலி செய்வது வருடம் முழுவதும் வேலை.

இன்னொரு வழியை நம்மைப் போன்ற ஒரு தேயிலை மலையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் நீலகிரியில், காட்டிலும் சாலையோரத்திலும் உடைந்து கிடந்த மதுப் புட்டிகள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்திலிருந்து அரசு மதுக்கடைகளில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதே 10 ரூபாயைக் கொடுத்தார்கள். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. வாங்கியவர் வீசினாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கினார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. அது கண்ணாடிப் புட்டி. ஆனால் நெகிழிப் புட்டிக்கு இதே முறை ஜெர்மனியில் 2003 முதல் நடக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? தோட்டத்துக் கடையில் ஆரஞ்சுப் பானத்தைக் கண்ணாடிப் புட்டியில் குடித்துவிட்டு, புட்டிக் காசுக்காக அண்ணனோடு சண்டை போட்டதை நான் மறக்கவில்லை. அன்று ஒரு புட்டிகூட வாய்க்காலில் கிடந்ததாக ஞாபகமில்லை. மஞ்சப்பையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிகள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அந்தப் பையை மீண்டும் கொண்டுவர அரசே இயக்கம் தொடங்கியது. நம் கோயில் அன்னதானங்களிலும் வாழையிலைக்குப் பதிலாக நெகிழித் தட்டு வந்தது நம் காலத்தில்தானே.

அரசாங்க அளவில், 2030க்குள் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை ஒழிக்கும் செயல்திட்டத்தை மலேசியா 2018ஆம் ஆண்டு அறிவித்தது. அதே ஆண்டு சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்ததும், பணக்கார நாடுகளின் குப்பை நம் துறைமுகங்களுக்குத் திரும்பியது. 2020 ஜனவரிவரை 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பினோம். உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்ய 2022 மார்ச்சில் முடிவெடுத்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடின்றி முடிந்தது. உற்பத்தியைக் குறைப்பதா, கழிவை மட்டும் கையாள்வதா என்பதில்தான் பெரிய இழுபறி. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு நல்ல விவாதப் பொருள் இது.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கு அருகிலுள்ள வாய்க்காலை மாணவர்களோடு கரையிலிருந்தபடியே பாருங்கள். யாரையும் உள்ளே இறங்கவிடாதீர்கள், மேலே மழை பெய்தால் நீர் சட்டென்று வரும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. என்னென்ன நெகிழி, எங்கிருந்து வந்திருக்கும், எந்த வாய்க்கால் எந்த ஓடைக்குப் போகிறது என்று கையால் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் செய்தபோது உறிஞ்சுகுழல்தான் அதிகம் இருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். இருந்தது ராஃபியா கயிறு. வெள்ளை, சிவப்பு, நீலம் என்று விரல் நீளத் துண்டுகள். கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே புரியவில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவிதான் சொன்னாள், "இது தக்காளிக் கொடி கட்டுற கயிறு டீச்சர். எங்க மாமா தோட்டத்துல பார்த்திருக்கேன்." மறுநாள் மாமாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அறுவடை முடிந்ததும் கொடியை அறுக்கும்போது கயிறு துண்டு துண்டாகத் தரையில் விழுமாம். "அதையெல்லாம் யாரு பொறுக்குறது, மழை கொண்டுபோயிடும்" என்றாராம்.

அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வரிசை அறுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு காலி உரமூட்டையை வாய் விரித்து வரிசையின் கடைசியில் கட்டி வைத்தால், அறுத்த கயிற்றைப் போகிறபோக்கில் அதற்குள் போட முடியுமா என்று கேட்டாளாம். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக மாமா சொல்லியிருக்கிறார்.